தோரியத்தைக் கழுத்துல கட்டிக்கிட்ட தம்பிக்கு

உக்காரு தம்பி. கழுத்துல என்னா அது, கறுப்பா வட்டமா? குவாண்டம் பதக்கமா? எரிமலைக் கொழம்புல செஞ்சதா? அணுவுக்குள்ள இருக்குற சக்தியை ஒடம்புக்குள்ள எறக்குதா? எவ்வளவு குடுத்தே? முந்நூறு வெள்ளியா? அப்ப அதுல சக்தி இல்லேன்னு யாரு சொல்லுவா? ஒன் பாக்கெட்டுல கெடந்த காசை ஒரே சாயங்காலத்துல வித்தவன் பாக்கெட்டுக்குத் தள்ளியிருக்கே.

எதைப் பாத்து நம்புனே? ஒத்தைக் காலுல நிக்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, அமுக்கிப் பாத்தானா? மொத தடவை சாஞ்சியா? பதக்கத்தை மாட்டுன பொறவு சாயலையா? அடப் பாவமே. மொத தடவை அவன் ஒன் கையை வெளிப்பக்கமா அமுக்குனான். ரெண்டாந்தடவை ஒடம்புப் பக்கமா அமுக்குனான். வெளிப்பக்கம் அமுக்குனா ஆனையும் சாயும். உள்பக்கம் அமுக்குனா நோஞ்சானும் நிப்பான். எங்க காலத்துல பசார் மாலாம்ல மூட்டுவலித் தைலம் விக்கிறவன் இந்த மாதிரி வித்தையெல்லாம் காட்டுவான். அவன் கையில பாம்பு இருக்கும். இவன் கையில குவாண்டம் இருக்கு. பாம்பு தேவலை, பல்லைப் புடுங்கியிருப்பான்.

அணுன்னா என்னான்னு கேட்டா 'பவர் தாத்தா'ங்கிறே. பவர் கெடக்கட்டும். அந்தப் பதக்கம் அணு. அது தொங்குற கயிறு அணு. யிக் முன் கடையில நீ காலையில முழுங்குன பாவ் அணு. முழுங்குன நீயும் அணு, பாத்துக்கிட்டு இருந்த நானும் அணு. அணு இல்லாத பதக்கம் ஒண்ணை அவன் செஞ்சு வித்திருந்தான்னா, அதுக்கு நானே முந்நூறு வெள்ளி குடுத்திருப்பேன்.

தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்குறியா? நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில ஆறாம் வகுப்போட நின்னவன்தான். பேத்தி இந்த ஊரு உப்சியில வேதியியல் படிச்சா. 1922ல வாத்தியாருங்களை உருவாக்கத் தொறந்த சுல்தான் இட்ரிஸ் கல்லூரிதான் இப்ப பல்கலைக்கழகமா நிக்குது. அவ பட்டத்தைச் சுவத்துல மாட்டுனா, புத்தகத்தைப் பெட்டியில போட்டா. நான் பெட்டியைத் தொறந்தேன். படிச்சவங்க படிக்காம விட்டதைப் படிக்கிறதுல ஒரு ருசி இருக்கு தம்பி.

கேட்டுக்க. அணுவுக்கு நடுவுல கரு. கருவுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானும். புரோட்டானுக்கு நேர் மின்னேற்றம், நியூட்ரானுக்கு ஒண்ணும் கெடையாது. கருவுக்கு வெளிய எலக்ட்ரான், அதுக்கு எதிர் மின்னேற்றம். ஏன் சிரிக்கிறே? நம்ம ஊருல புரோட்டான்னா கார்தான், ஒத்துக்கிறேன். 2003லேர்ந்து இங்கதானே கார் செய்யுறான். அது மலாய்ப் பேரைச் சுருக்கி வெச்சது. ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் வெச்சுக்க. காருல எந்த மாடல் வந்தாலும் பேரு புரோட்டான்தான். அணுவுல ஒத்தைப் புரோட்டான் கூடுனாப் போதும், ஆளே மாறிப்போயிரும். 1 இருந்தா ஹைட்ரஜன். 6 இருந்தா கார்பன், அதாவது அடுப்புக்கரி. 7 ஆச்சுன்னா நைட்ரஜன், நீ இழுக்குற காத்துல முக்கால் பங்குக்கு மேல அதுதான். 50 இருந்தா பேராக்கை வாழவெச்ச ஈயம். 82 இருந்தா காரீயம். 90 இருந்தா என்னான்னு பொறவு சொல்லுறேன். அதுக்குத்தான் ஒன்னை உக்கார வெச்சிருக்கேன்.

எலக்ட்ரான் ஒண்ணு கொறைஞ்சா நேர் அயனி. ஒண்ணு கூடுனா எதிர் அயனி. அம்புட்டுதான் சங்கதி. 'இந்தப் பதக்கத்துலேர்ந்து எதிர் அயனி வரும், ரத்தம் சுத்தமாகும்'னு அவன் சொன்னான்ல? எதிர் அயனி ஒங்க வீட்டு உப்பு டப்பாவுல கோடி கோடியா கெடக்கு. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் குடுத்துச்சு, குளோரின் வாங்கிக்கிச்சு, ரெண்டும் ஒட்டிக்கிட்டு உப்பாச்சு. குளோரின் இப்ப எதிர் அயனி. ஒங்க ஆத்தா தெனமும் ரசத்துல போட்டு ஊத்துறா. ஒரு நாளாவது ஒங்கிட்ட முந்நூறு வெள்ளி கேட்டாளா?

அணுவுக்குள்ள எவ்வளவு எடம் சும்மா கெடக்குன்னு தெரியுமா? 1909ல மான்செஸ்டர்ல கைகரும் மார்ஸ்டெனும் மெல்லிசாத் தட்டுன உலோகத் தகட்டு மேல ஆல்பா துகளை விட்டுப் பாத்தாங்க. தங்கத் தகடும் அதுல உண்டு. ஏறக்குறைய எல்லாம் ஊடுருவிப் போயிருச்சு. ஆயிரக்கணக்குல ஒண்ணு மட்டும் வந்த வழியே திரும்பி வந்துச்சு. ரதர்ஃபோர்டு 1911ல கணக்குப் போட்டுச் சொன்னாரு, கனமெல்லாம் நடுவுல ஒரு புள்ளியிலதான் இருக்குன்னு. நம்ம ரயில் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல ஒரு கொண்டக்கடலையை வை, அதுதான் கரு. எலக்ட்ரான் ஒலாத்துற எல்லை சில நூறு மீட்டருக்கு அப்பால இருக்கும். நடுவுல ஒண்ணும் கெடையாது. ஆனா எடையில நூத்துக்கு 99.9 பங்குக்கு மேல அந்தக் கடலையில. டத்தோ பட்டம் வாங்கி, மாலையைக் கழட்டாமலே சாப்பிட உக்காருறாரே, அவரும் பெரும்பாலும் வெத்தெடம்தான். நானும்தான். நான் மாலை போட்டுக்கலை, அதான் வித்தியாசம்.

'அப்ப என் கை ஏன் மேசைக்குள்ள போகலை?'ன்னு கேக்குறியா? நல்ல கேள்வி. இதை அவன்கிட்ட கேட்டிருந்தா காசு மிஞ்சியிருக்கும். ஒன் கையோட எலக்ட்ரானும் மேசையோட எலக்ட்ரானும் ஒரே எடத்துல, ஒரே நெலையில ஒண்ணா இருக்க ஒத்துக்காது. வெத்தெடமா இருந்தாலும் அடுத்தவனை உள்ள விடாது.

பள்ளிக்கூடத்துச் சுவத்துல எலக்ட்ரான் வட்டம் வட்டமா ஓடுற படம் ஒண்ணு மாட்டியிருப்பாங்களே, அதை நம்பாதே. 1913ல நீல்ஸ் போர் போட்ட கணக்குக்கு வரைஞ்சது அது. பதிமூணு வருசத்துலயே அந்தக் கணக்கை மாத்திப்புட்டாங்க. எலக்ட்ரானுக்குன்னு தடம் கெடையாது. இந்த எடத்துல இருக்க வாய்ப்பு இவ்வளவு, அந்த எடத்துல இருக்க வாய்ப்பு அவ்வளவு, அதுக்கு மேல சொல்ல முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுதான் குவாண்டம். அடக்கத்தைப் பாத்தியா? எலக்ட்ரான் எங்க இருக்குன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்குற சாத்திரத்தோட பேரை வெச்சுக்கிட்டு, முழங்கால் வலி உறுதியாப் போகும்னு ஒருத்தன் சத்தியம் பண்ணுறான். நீ கைதட்டுறே.

நாங்க தோட்டத்துல அணு வேலையைத் தெனமும் பாத்தோம், பேரு தெரியாம. இருட்டுலயே பெரட்டுக்கு நின்னு, நெரையில எறங்கி, மரத்தைச் சீவி, மங்குல வடிஞ்ச பாலை வாளியில சேத்து ஸ்டோருக்குத் தூக்கிக்கிட்டுப் போவோம். அந்தப் பால்ல ரப்பர் பொடிப்பொடித் துளியா மெதக்குது. ஒவ்வொரு துளி மேலயும் எதிர் மின்னேற்றம். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே கெடக்குறதாலதான் சேராம, கட்டாம பாலா இருக்கு. ஸ்டோர்ல அதைத் தொட்டியில ஊத்தி, தண்ணி கலந்து, ஃபார்மிக் ஆசிட் விடுவாங்க. ஆசிட்டுல என்னா இருக்கு? எலக்ட்ரானைத் தொலைச்ச ஹைட்ரஜன். ஹைட்ரஜன்ல எலக்ட்ரான் போச்சுன்னா மிச்சம் என்னா? ஒத்தைப் புரோட்டான். அது போயி துளி மேல இருக்குற எதிர் மின்னேற்றத்தை ஆத்திப்புடும். தள்ளுற பலம் போனதும் துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து கட்டியாயிரும். இந்த வட்டாரத்துல மொதல்ல புரோட்டானை வெச்சுப் பொழைச்சது கார் ஆலை இல்லே தம்பி, எங்க ஆசிட் தொட்டிதான்.

வெயில் ஏறுன பொறவும் பாலை எடுக்காம விட்டா, ஆசிட்டே இல்லாம மங்குலயே கட்டிக்கும். கிருமி உள்ள பூந்து தானே ஆசிட் பண்ணிக்கும். கட்டிப்பாலுக்கு வெலை கம்மி. மண்டோர் வந்து 'எவ சோம்பேறி'ன்னு கத்துவான். அயனி வந்துருச்சுங்கன்னு சொல்ல எங்க பொம்பளைங்களுக்குத் தெரியலை. சொல்லியிருந்தா அயனிக்கும் சேத்துக் கிராணி சம்பளத்துல புடிச்சிருப்பாரு.

பொறவு 1839ல குட்இயர் கண்டுபுடிச்ச வேலை. ரப்பரோட கந்தகத்தைச் சேத்துச் சூடேத்துனா, நீளநீளமாக் கெடக்குற ரப்பர்ச் சங்கிலிக்கு நடுவுல கந்தக அணு குறுக்க புடிச்சுக்கும். வெயில்ல ஒழுகாது, குளிர்ல வெடிக்காது. டயர் உருண்டுச்சு, துரை பங்களா கட்டுனாரு. இம்புட்டு வேலையிலயும் மாறுனது எலக்ட்ரானோட ஒட்டுறவு மட்டுந்தான். கருவை யாரும் தொடலை. பாலைக் கட்டு, ஷீட்டாப் போடு, பொகைக்கூடத்துல தொங்கவிடு, டயராக்கு, கடைசியில நடுரோட்டுல போட்டுக் கொளுத்து. கார்பன் அணு கார்பன் அணுவாவே கெடக்கும். அடுப்புக்கும் ஆசிட்டுக்கும் கரு மசியாது.

எவனுக்கும் மசியாத கருவுலயும், தானா ஒடையுற சாதி ஒண்ணு உண்டு.

வடக்க கிந்தாப் பக்கம் ஈய லம்பம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? எங்க இருக்கும், நீ பொறக்குறதுக்கு முன்னாலயே ஈயம் வெலை விழுந்து எல்லாம் குளமாப் போச்சு. ஈய அணுவுக்கு 50 புரோட்டான். நியூட்ரான் எண்ணிக்கை மாறி மாறி அதுல பத்து வகை உண்டு, பத்தும் ஒடையாம நிக்கும். ஒலகத்துல வேற எந்தத் தனிமத்துக்கும் இத்தனை நெலையான வகை கெடையாது. பேராக்குக்காரன் வெள்ளைக் காப்பிக்குப் பீத்திக்குவான், கோழித்தவ்கேக்குப் பீத்திக்குவான், இதுக்குப் பீத்திக்கிட்டு நான் பாத்ததில்லே.

அந்த ஈயத்தை அலசி எடுத்த பொறவு மிஞ்சுற கனமான மணலுக்கு ஆமாங்னு பேரு. அதுல மோனசைட்னு ஒரு கனிமம். மோனசைட்டுக்குள்ள அரிய மண் தனிமங்க, கூடவே தோரியம். பொறவு சொல்லுறேன்னேனே 90, அது இதுதான். 90 புரோட்டான், 142 நியூட்ரான், ஒரே கருவுல அடைஞ்சு கெடக்கு. கூட்டம் தாங்காது. ஒரு நாள் ரெண்டு புரோட்டானும் ரெண்டு நியூட்ரானும் ஒட்டிக்கிட்டு வெளிய பாயும். அதுதான் ஆல்பா. 90 போயி 88 ஆச்சு, ரேடியம் ஆச்சு. அதுவும் நிக்காது. ஆல்பாவும் பீட்டாவும் காமாவுமாக் கக்கிக்கிட்டே எறங்கி எறங்கி, 82ல, காரீயத்துல வந்து அடங்கும். நம்ம சித்தருங்க ஈயத்தைப் பொன்னாக்க மூலிகை தேடுனாங்க. தோரியம் யாரையும் கேக்காம காரீயமாகுது. பொன்னாகலையேன்னு வருத்தப்படுறியா? ஆகியிருந்தா, பொறவு சொல்லப்போற புக்கிட் மேரா வழக்கே வந்திருக்காது, அடிதடிதான் வந்திருக்கும்.

அவசரம் கெடையாது அதுக்கு. ஒரு குவியல் தோரியத்துல பாதி ஒடையவே ஏறக்குறைய 1,400 கோடி வருசம். பிரபஞ்சத்துக்கே வயசு 1,380 கோடிதான்னு சொல்லுறாங்க. குவியல்ல எந்த அணு எப்ப ஒடையும்னு எந்தப் பேராசிரியராலயும் சொல்ல முடியாது. மந்திரிச்சாலும் நிக்காது, சூடேத்துனாலும் வேகமாகாது.

எனக்கும் தோரியத்துக்கும் பழைய பழக்கம் உண்டு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல காஸ் விளக்கு புஸ்ஸுன்னு எரியும், பாத்திருக்கியா? அதுல வெள்ளையா ஒரு வலை தொங்கும். வெல்ஸ்பாக்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் 1891ல கண்ட பக்குவம் அது, 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம். எம்புட்டுச் சூட்டுக்கும் உருகாம பளீர்னு ஒளி விடும். அந்த வலைக்குத் தோரியம் தேடித்தான் ஒலகம் பூரா அலைஞ்சாங்க. 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்லேர்ந்து போன தேங்காய்க் கயித்துல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட்டைப் பாத்துட்டு, மணவாளக்குறிச்சிக் கடக்கரைக்கே வந்து ஆலை போட்டாரு. கன்னியாகுமரி மாவட்டத்துல இன்னிக்கும் அந்த மணலைப் பிரிக்கிறாங்க. ஆக, எங்க தலைக்கு மேல தொங்குன தோரியம் ராத்திரி பூரா கரகாட்டத்துக்கு வெளிச்சம் குடுத்துச்சு. விடிஞ்சா அணைச்சுப் பெட்டியில வெச்சிருவோம். எவனும் அதைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் தூங்கலை.

இப்ப புக்கிட் மேரா. ஈப்போவுக்குப் பக்கத்துல ஒரு கிராமம். ஏசியன் ரேர் எர்த்னு ஒரு ஆலை 1982ல அங்க ஓட ஆரம்பிச்சுச்சு. ஜப்பான் மித்சுபிஷிக்கும் அதுல பங்கு. ஆமாங்லேர்ந்து பிரிச்ச மோனசைட்டைக் கொண்டாந்து அரிய மண்ணை எடுத்துக்குவாங்க, தோரியம் கழிவாத் தங்கும். அதைப் பாப்பான் பக்கம் கொட்டி வெக்கப் பாத்தாங்க, 1984ல பாப்பான்காரங்க மறிச்சாங்க. 1985ல புக்கிட் மேராக்காரங்க எட்டுப் பேரு ஊருக்காகக் கோர்ட்டுக்குப் போனாங்க. 'படிக்காத சனங்க, அணுன்னதும் மிரளுதுங்க'ன்னு சொன்ன பெரிய மனுசங்க உண்டு. அந்தப் படிக்காத சனம் என்னா கேட்டுச்சு தெரியுமா? கழிவை எங்க வெப்பே, எத்தனை வருசம் வெப்பே, மழை பேஞ்சா எங்க போகும்? இதைவிட நல்லா எந்தப் படிச்சவன் கேட்டிருப்பான்?

அவங்களுக்காக வாதாடுன வழக்கறிஞருங்கள்ல நம்ம மீனாட்சி ராமனும் ஒருத்தங்க, பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்காரங்க. 1987ல லாலாங் நடவடிக்கைன்னு போலீஸ் பல பேரைப் புடிச்சப்ப அவங்களையும் புடிச்சு உள்ள வெச்சாங்க. 1992 ஜூலை 11ல ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லுச்சு. 1993 கடைசியில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிருச்சு. கம்பெனி ஜெயிச்சது. ஜெயிச்ச கையோட, 1994ல தானே ஆலையை மூடுச்சு. கோர்ட்டுல ஜெயிச்சவன் கடையைக் கட்டிக்கிட்டுப் போறதை வேற எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? பொறவு அந்த எடத்தைச் சுத்தம் பண்ணி, கழிவைக் கிலேடாங் மலைப்பக்கம் பொதைக்க ஆன செலவு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர்.

ஆல்பாவை ஒரு தாள் தடுத்துரும், தோலே தடுத்துரும். புத்தகத்துல போட்டிருக்கான், நெசந்தான். தூசா மூச்சுல போச்சுன்னா? நெஞ்சுக்கூட்டுக்குள்ள தாளை எங்க வெப்பே? அதான் அவங்க பயந்தாங்க.

இப்ப ஒன் பதக்கத்துக்கு வா. பேட்டரி கெடையாது. ஒயர் கெடையாது. ராப்பகலா எதிர் அயனி விடும், ஆயுசுக்கும் தீராதுன்னு அட்டையில போட்டிருக்கான். சோத்தைத் திங்குற மனுசன் யோசிக்க வேணாமா? அயனி பண்ணணும்னா காத்துல இருக்குற அணுவுலேர்ந்து எலக்ட்ரானைத் தட்டிவிடணும். சோறு தண்ணி இல்லாம, ஓயாம, கோடிக் கணக்கான வருசம் அப்படித் தட்டக்கூடியது எது? எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் வருது. இந்த மாதிரிப் பதக்கங்களைச் சோதிச்சுப் பாத்தப்ப தோரியமும் யுரேனியமும் கலந்த கனிமப் பொடி பலதுல இருந்துச்சு. 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் பத்துச் சாமானை விக்கவும் கூடாது, போடவும் கூடாதுன்னு தடுத்துச்சு. பதக்கம், தூங்கும்போது கண்ணுல கட்டுற பட்டை, சின்னப் புள்ளைங்க கைவளை கூட அதுல உண்டு. கதிர்வீச்சு கொஞ்சந்தான், ஆனா தோலோட ஒட்டி வருசக் கணக்குல கெடந்தா கெடுதல்னு சொன்னாங்க.

அந்தச் சாமானுல சிலதை எதுக்குன்னு வித்தான் தெரியுமா? ஃபைவ் ஜி அலையிலேர்ந்து காப்பாத்துதாம்! போன மாசம் நம்ம தாமான்ல டவர் வேணாம்னு மனுவுல கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்தியே, அதே அலை. டவர் அலைக்கு ஒரு எலக்ட்ரானைக்கூடத் தட்டிவிடத் தெம்பு கெடையாது. தண்ணியைக் கொஞ்சம் சூடேத்தும், அதுவும் பக்கத்துல போனாத்தான். தட்டிவிடுற தெம்பு உள்ளது கருவுலேர்ந்து வர்றது. ஒண்ணுஞ் செய்யாததுக்குப் பயந்து மனு எழுதி, அயனி பண்ணுறதைக் காசு குடுத்து வாங்கி நெஞ்சுல போட்டுக்கிட்டு, அந்த நெஞ்சை நிமித்திக்கிட்டு மனுவை நீட்டுனே பாரு. நான் கையெழுத்துப் போடாததுக்கு மூக்குக்கண்ணாடி இல்லேன்னு சொன்னேன். கண்ணாடி சட்டைப்பையிலதான் இருந்துச்சு.

ஒன்னுதுல தோரியம் இருக்கா, வெறும் களிமண்ணான்னு எனக்குத் தெரியாது. அளந்தாத்தான் தெரியும். களிமண்ணா இருந்தா காசு மட்டும் போச்சு, அதிர்ஷ்டம். அதுவரைக்கும் கழட்டி வை. ஒடைச்சுப் பாக்காதே, சொரண்டாதே, கொழாயில தூள் பண்ணி ஊத்தாதே. மூடி போட்ட டப்பாவுல வெச்சு, படுக்குற எடத்துலேர்ந்து தள்ளி வை. புள்ளை தலகாணிக்கு அடியில ஒண்ணு வெச்சிருக்கியாமே, ஒம் பொண்டாட்டி பாட்டிகிட்ட சொன்னா. அதை இன்னிக்கே எடு. நாளைக்கி அணுசக்தி இலாகாவுக்குப் போன் போடு. 1984லயே சட்டம் போட்டு இதுக்குன்னு ஆளுங்களை வெச்சிருக்காங்க. போனை எடுக்குறவன் என்னா சாமான்னு கேப்பான். குவாண்டம்னு சொல்லாதே, சிரிச்சுட்டு வெச்சிருவான். தோரியமா இருக்கலாம்னு சொல்லு, பேனாவை எடுப்பான்.